குழாயும் வெந்நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் குழாய்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கோளாறு ஒரு குழாயில் மட்டுமா, எல்லாக் குழாய்களிலுமா? வெந்நீரிலா, பச்சைத் தண்ணீரிலா, இரண்டிலுமா? ஒரே குழாயில் இரண்டு தண்ணீருக்கும் கோளாறு என்றால் அந்தக் குழாயைக் கழற்றலாம். எல்லாக் குழாய்களிலும் வெந்நீர் மட்டும் சரியில்லை என்றால் கீசரையும் அதை ஒட்டிய வால்வுகளையும் பார்க்க வேண்டும். எல்லாக் குழாய்களிலும் எல்லாத் தண்ணீரும் சரியில்லை என்றால் தொட்டி, மெயின் லைன். இதைப் பார்க்காமல் புதுக் குழாய் வாங்கி மாட்டுபவர்களுக்குத்தான் வீண் செலவு.

1. எங்க வீட்டுக் குழாய் எந்த வகைன்னே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். முழுதாகத் திறக்க இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் அது வாஷர் குழாய். உள்ளே ஸ்பிண்டிலின் (கைப்பிடியோடு சுழலும் தண்டின்) அடியில் ஒரு ரப்பர் வாஷர் இறங்கி, பித்தளை விளிம்பில் அழுந்தித் தண்ணீரை அடைக்கிறது. அந்த விளிம்புதான் சீட். கால் சுற்றிலேயே முழுதாகத் திறந்தால் உள்ளே இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரே கைப்பிடியை மேலே தூக்கினால் தண்ணீர், இடம் வலம் நகர்த்தினால் சூடு மாறுகிறது என்றால் அது சிங்கிள் லீவர் மிக்ஸர். அதன் வேலை முழுவதும் கார்ட்ரிட்ஜ் என்ற, கழற்றி மாற்றக்கூடிய ஓர் உருளைக்குள் நடக்கிறது.

2. மூடினாலும் சொட்டிக்கிட்டே இருக்கு. இன்னும் இறுக்கித் திருகினா நிக்குமா?

இன்றைக்கு நிற்கும், கொஞ்ச நாளில் இன்னும் மோசமாகச் சொட்டும். இறுக்க இறுக்க வாஷரில் பள்ளம் விழுகிறது, அப்புறம் சீட்டும் தேய்கிறது. வாஷர் குழாயாக இருந்தால் வாஷரை மாற்றுவதுதான் வழி. குழாய்க்குப் போகும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். சின்னத் திருகு விழுந்து போகாமல் இருக்க வடிகால் ஓட்டையில் ஒரு துணியைச் செருகுங்கள். கைப்பிடியின் மூடி, திருகு, கைப்பிடி என்று வரிசையாகக் கழற்றிவிட்டு, ஒரு கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிண்டில் இருக்கும் தலைப் பகுதியை ஸ்பானரால் இடப்பக்கமாகத் திருப்பி எடுங்கள். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு நெகிழ்ந்துவிடும்.

பழைய வாஷரில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே விட்டம், அதே தடிமனில் வாங்குங்கள். புதியதை மாட்டும் முன் சீட்டில் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் நகம் மாட்டினாலும் புது வாஷர் சீக்கிரமே கிழியும். சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தக் கையால் சுழற்றும் கருவி கிடைக்கிறது. இரண்டு மூன்று சுற்று போதும். திரும்ப மாட்டும்போது ஸ்பிண்டில் திறந்த நிலையில் இருக்கட்டும். மூடிய நிலையில் இறுக்கினால் புது வாஷர் அப்போதே நசுங்கிப்போகும்.

எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று தெரிய ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து அளந்து 24-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று குறைத்துக் கணக்கிட்டாலே 4 லிட்டரைத் தாண்டும். வெந்நீர்க் குழாய் என்றால் அதைச் சூடாக்கிய மின்சாரமும் சேர்ந்து போகிறது.

3. வெந்நீர்க் குழாயை மூடினதும் நிக்குது, கால் மணி நேரம் கழிச்சு சொட்ட ஆரம்பிக்குது. ஏன்?

சூட்டில் ரப்பரும் பித்தளையும் விரிந்த நிலையில் மூடுகிறீர்கள். ஆறியதும் அவை சுருங்க, மயிரிழை இடைவெளி விழுகிறது. புது வாஷரில் இந்தச் சுருக்கத்தை ஈடுகட்டும் நெகிழ்வு இருக்கும். இறுகிப்போன பழைய வாஷரில் இருக்காது. வெந்நீர் தாங்கும் வாஷரைக் கேட்டு வாங்கி, மேலே சொன்னபடி மாற்றுங்கள்.

4. கால் சுற்றுக் குழாயில் வாஷரே கிடையாதுன்னாங்க. அதுவும் ஏன் சொட்டுது?

செராமிக் தகடுகள் தண்ணீரால் எளிதில் தேய்வதில்லை. அவற்றைக் கெடுப்பது மணல், துரு, குழாய் வெட்டும்போது விழுந்த பிளாஸ்டிக் சீவல். ஒரு துகள் இடையில் மாட்டினால் தகட்டில் கீறல் விழும். புது வீட்டிலோ, பைப் வேலை பார்த்த பிறகோ இது அதிகம் நடக்கிறது. எந்த பைப் வேலை நடந்தாலும், புதுக் குழாயை மாட்டும் முன் லைனை இரண்டு நிமிடம் திறந்துவிட்டுக் கழுவுங்கள்.

கழற்றிப் பார்த்தால் சில சமயம் அடியில் உள்ள ரப்பர் வளையத்தில்தான் உப்பு கட்டியிருக்கும். துடைத்து மாட்டினால் சரியாகிவிடும். தகட்டில் கீறல் என்றால் உள்பாகத்தையே மாற்ற வேண்டும். வாங்கும்போது உயரம், மரை அளவு, கைப்பிடி உட்காரும் பல் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 20 பல்லும் 24 பல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், எண்ணிப் பார்த்துவிடுங்கள். திறக்கும் திசையையும் பாருங்கள். வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் எதிரெதிர்த் திசையில் திறக்கும் உள்பாகங்கள் உண்டு.

5. சிங்கிள் லீவர் மிக்ஸர் சொட்டுது. கார்ட்ரிட்ஜை நானே மாத்தலாமா?

மாற்றலாம். கீழே உள்ள இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் (வெந்நீர், பச்சைத் தண்ணீர் லைன்களை மூடும் சின்ன வால்வுகள்) மூடி, லீவரைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். லீவரின் முன்னாலோ அடியிலோ உள்ள சிவப்பு நீலப் பொத்தானை நெம்பி எடுத்தால் உள்ளே ஓர் ஆலன் திருகு தெரியும். பெரும்பாலும் 2.5 மி.மீ. சாவி பொருந்தும். அதைத் தளர்த்தினால் லீவர் வந்துவிடும். அடுத்து மேல்மூடி, அதற்கும் கீழே பூட்டும் நட்டு, அப்புறம் கார்ட்ரிட்ஜ்.

வெளியே எடுக்கும் முன் அதன் திசையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மிக்ஸர்களில் அதிகம் வருவது 35 மி.மீ., 40 மி.மீ. விட்டமுள்ளவை. அடியில் இரண்டு சின்ன முளைகள் இருக்கும். குழாயின் உடலில் உள்ள குழிகளில் அவை சரியாக உட்கார வேண்டும். உட்காராமலே நட்டை இறுக்கினால் உடனே ஒழுகும், முளையும் உடையும். அடி ரப்பர்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு தடவலாம். வாசலைன், எண்ணெய் வேண்டாம். இங்கே பயன்படும் ரப்பர்களில் பல, பெட்ரோலியம் பட்டால் உப்பிவிடும்.

6. தண்ணி வாய்ப் பக்கம் சொட்டலை, கைப்பிடியைச் சுத்திக் கசியுது. அதுக்கும் வாஷரா?

இல்லை. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியடியில் கசிந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்திருக்கிறது. கிளாண்ட் நட்டு (அந்த அடைப்பை அழுத்திப் பிடிக்கும் நட்டு) உள்ள பழைய குழாயில் அந்த நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் அதைக் கழற்றி, ஸ்பிண்டிலைச் சுற்றி டெஃப்லான் நூலோ கிரீஸ் தோய்த்த பேக்கிங் நூலோ சுற்றி மூடுங்கள். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ள குழாயில் ஓ-ரிங்கை மாற்ற வேண்டும்.

7. ஒரே ஒரு குழாயில தண்ணி நூல் மாதிரி வருது. மத்ததெல்லாம் நல்லாத்தான் வருது.

குழாயின் நுனியில் உள்ள ஏரேட்டரை (சல்லடை வைத்த மூடியை) கழற்றுங்கள். பத்தில் ஒன்பது தடவை கோளாறு அங்கேதான். ஒரு துணியைச் சுற்றி இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் கீறல் விழாது. சல்லடை, ரப்பர் வளையம் எந்த வரிசையில் வந்தன என்று பார்த்து வையுங்கள். சல்லடையை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

ஏரேட்டர் இல்லாமலேயே மெலிதாக வந்தால் ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, கனெக்‌ஷன் பைப் (வால்வையும் குழாயையும் இணைக்கும் வளையும் பைப்) எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வினிகரோ வேறு அமிலமோ போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். குழாயின் பளபளப்பான மேல்பூச்சில் டாய்லெட் அமிலம் பட்டால் பூச்சு உரியும்.

8. டெஃப்லான் டேப் எவ்வளவு சுத்தணும்? எல்லா இணைப்புக்கும் சுத்தலாமா?

அரை அங்குல மரைக்கு மெல்லிய டேப் என்றால் 8 முதல் 12 சுற்று. மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயை முறுக்கும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். மரையின் முதல் இழையை விட்டுவிட்டுச் சுற்றினால் துணுக்கு உள்ளே போகாது. இறுக்கி உட்கார்ந்த பிறகு குழாய் நேராக நிற்கவில்லையே என்று பின்னோக்கித் திருப்பினால் அந்த டேப் வீண். கழற்றிப் புதிதாகச் சுற்றுங்கள்.

எல்லா இணைப்புக்கும் வேண்டாம். கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. அடைப்பது அந்த வாஷர்தான். அங்கே டேப் சுற்றினால் நட்டு முழுதாக இறங்காமல் போய்க் கசியும். கையால் இறுக்கி, ஸ்பானரால் அரைச் சுற்று கொடுத்தால் போதும். பைப்பின் மேல் பின்னிய கம்பியில் துருவோ புடைப்போ தெரிந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். அது வெடித்தால் யாராவது வால்வை மூடும்வரை தண்ணீர் கொட்டும்.

9. பச்சைத் தண்ணி வேகமா வருது, வெந்நீர் மட்டும் மெலிசா வருது.

முதலில் எல்லாக் குழாய்களிலும் வெந்நீர் மெலிதா என்று பாருங்கள். ஒரே குழாயில் என்றால் கீசரின் எம்.சி.பி.யை (போர்டில் கீசருக்கென உள்ள தானியங்கிச் சுவிட்சை) அணைத்து, தண்ணீர் ஆறியபின், வெந்நீர் ஆங்கிள் வால்வை மூடி, அதிலிருந்து கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றி, வாளியை வைத்து வால்வைத் திறங்கள். வாளியில் நன்றாக விழுந்தால் அடைப்பு பைப்பிலோ மிக்ஸரிலோ இருக்கிறது. அங்கேயும் மெலிதாக விழுந்தால் பின்னால்.

பின்னால் என்றால் கீசரின் உள்வழி. அங்கே இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வோ (தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுப்பது), பல பயன் பாதுகாப்பு வால்வோ (அதோடு அதிக அழுத்தத்தையும் வெளியே விடுவது) உப்பில் ஒட்டிக்கொண்டு பாதிதான் திறக்கும். சில மாடல்களில் சின்ன வடிகட்டியும் உண்டு. அடுத்த சந்தேகம் வெளிவழிக் குழாய். கடின நீரில் உள்ள கால்சியம் சூடேறும்போது கார்பனேட்டாகப் படிவதால் வெந்நீர்ப் பக்கம்தான் முதலில் அடைகிறது.

இவை எல்லாம் சுத்தமாக இருந்தும் மெலிது என்றால் உயரத்தைப் பாருங்கள். தொட்டித் தண்ணீரின் மட்டம் குழாய்க்கு மேலே 10 மீட்டர் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பல சிங்கிள் லீவர் மிக்ஸர்கள் திணறும். வாங்கும் முன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

10. வெந்நீர் வர ரொம்ப நேரம் ஆகுது. கீசர் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. கீசருக்கும் குழாய்க்கும் நடுவில் நிற்கும் ஆறிய தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். உள்விட்டம் 15 மி.மீ. உள்ள பைப்பில் ஒரு மீட்டருக்கு 0.18 லிட்டர் நிற்கும். 10 மீட்டர் தூரம் என்றால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் அரை நிமிடம் ஆகும், பைப் சூடேற இன்னும் கொஞ்ச நேரம். வெந்நீர் பைப்புக்கு நுரை உறை போட்டால் அடுத்தடுத்துப் பயன்படுத்தும்போது வித்தியாசம் தெரியும். கீசரை நகர்த்த வாய்ப்பிருந்தால் அதிகம் புழங்கும் குழாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. போன்ற சூடு தாங்கும் பைப்தான் போட வேண்டும், சாதாரண பி.வி.சி. 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும்.

11. எத்தனை நிமிஷம் கீசர் போடணும்? இன்ஸ்டன்ட் கீசர்ல முழுசாத் திறந்தா ஏன் சூடே இல்லை?

கணக்கு எளிது. லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் யூனிட் வரும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.61 யூனிட். 2 கிலோவாட் கீசருக்கு 18 நிமிடம். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். 60 டிகிரியில் உள்ள அந்த 15 லிட்டரோடு 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும்.

இன்ஸ்டன்ட் வகையில் சேமிப்பே இல்லை, ஓடும்போதே சூடாக வேண்டும். 3 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் சுமார் 21 டிகிரி ஏற்றும், 3 லிட்டரில் 14 டிகிரிதான். குழாயைச் சற்று மூடினால் சூடு கூடும். ஷவரை முழுவேகத்தில் ஓட்ட அது போதாது.

12. கீசர் வால்விலிருந்து சூடாகும்போது தண்ணி சொட்டுது. ஒரு மூடி போட்டு அடைச்சிடலாமா?

கூடவே கூடாது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது தண்ணீர் சுமார் 1.5 சதவீதம் விரிகிறது. 25 லிட்டர் தொட்டியில் அது ஏறத்தாழ 380 மில்லி. நான்-ரிட்டர்ன் வால்வு பின்னே போகவிடாததால் பாதுகாப்பு வால்வு அதை வெளியே விடுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதை அடைத்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போகிற ஒரு நாளில் தொட்டியே வெடிக்கலாம். வாய்க்கு ஒரு சின்ன பைப்பைப் பொருத்தி வடிகாலில் விடுங்கள், அதன் மறுமுனை திறந்தே இருக்கட்டும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் இடைவிடாமல் சொட்டினால் வால்வில் உப்போ துகளோ மாட்டியிருக்கலாம், அல்லது லைன் அழுத்தம் அதிகம். வால்வில் சோதனை நெம்பு இருந்தால், தண்ணீர் ஆறியபின், இரண்டு மூன்று தடவை தூக்கி விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அதே அழுத்த அளவு பொறித்த புது வால்வை மாட்டுங்கள்.

13. தெர்மோஸ்டாட்டை எவ்வளவுல வைக்கணும்?

சேமிப்புக் கீசரில் 60 டிகிரி. நுரையீரல் நோய் தரும் லீஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீரில் பெருகும், 60-ல் அழியும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் சில நொடியில் புண்ணாகும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குழாயில் வரும் சூட்டைக் குறைக்க வழி வேண்டும். தெர்மோஸ்டாட்டிக் கலப்பு வால்வு நல்லது. சில சிங்கிள் லீவர் கார்ட்ரிட்ஜின் மேல் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். அதைத் தூக்கி இரண்டு பல் நகர்த்தி வைத்தால் லீவர் முழுச் சூட்டுக்குப் போகாது. வாளியில் குளிப்பவர்கள் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் வெந்நீரைக் கலக்கட்டும்.

14. வெந்நீர்ல அழுகின முட்டை வாடை வருது. சில சமயம் வெள்ளையாவும் பழுப்பாவும் வருது.

வாடை வெந்நீரில் மட்டும் என்றால், கீசர் தொட்டியைத் துருவிலிருந்து காக்க உள்ளே வைத்த மெக்னீசியம் கம்பியும் (ஆனோடு) தண்ணீரின் சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாவும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்குகின்றன. தொட்டியைக் காலி செய்து கழுவி, ஒரு முறை முழுச் சூட்டில் ஓட்டுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ஆனோடு போடச் சொல்லுங்கள். ஆனோடையே எடுத்துவிட்டால் வாடை போகும், தொட்டி துருப்பிடிக்கும்.

வெள்ளையாக வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி, கவலையில்லை. அடியில் வெள்ளைத் தூள் படிந்தால் உப்புக் காறை. வெந்நீர் மட்டும் பழுப்பு என்றால் தொட்டித் துரு. ஆனோடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

15. குழாயை மூடும்போது சுவருக்குள்ள 'டம்'னு சத்தம். கீசர்லயும் கடகடன்னு சத்தம்.

முதலாவது, ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்துவதால் வரும் அழுத்த அலை. கால் சுற்று, லீவர் வகைகளில் அதிகம். மெதுவாக மூடிப் பாருங்கள். ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் குறைத்து, ஆடும் பைப்பை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரண்டாவது, சூட்டுக் கம்பியில் படிந்த காறைக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம். தொட்டியைக் கழுவி, கம்பியில் படிந்ததை எடுக்க வேண்டும்.

16. பச்சைத் தண்ணி குழாயைத் திறந்தா வெதுவெதுன்னு வருது. வெந்நீர் எங்கேயும் சரியா சூடா வரலை.

முதலில், மாடித் தொட்டியும் பைப்பும் வெயிலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலையில் குளிர்ந்தும் பிற்பகலில் வெதுவெதுப்பாகவும் வந்தால் வெயில்தான் காரணம். எந்நேரமும் அப்படியென்றால் எங்கோ ஒரு மிக்ஸருக்குள் இரண்டு லைனும் கலக்கின்றன.

இதைச் சோதிக்கலாம். கீசரின் எம்.சி.பி.யை அணைத்து, கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பச்சைத் தண்ணீர் எங்கிருந்தோ வெந்நீர் லைனுக்குள் தாண்டி வருகிறது. இப்போது ஒவ்வொரு மிக்ஸரின் ஆங்கிள் வால்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டே போங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அந்த மிக்ஸர்தான் கோளாறு. அதன் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள் (கேள்வி 5).

கார்ட்ரிட்ஜில் குற்றமே இல்லாமலும் இது நடக்கும். மிக்ஸரைத் திறந்தே வைத்து, கையில் பிடிக்கும் ஷவரின் பொத்தானில் மட்டும் தண்ணீரை நிறுத்தினால் இரண்டு லைனும் மிக்ஸருக்குள் இணைந்தே இருக்கும். அழுத்தம் அதிகமான பக்கம் மற்றதைத் தள்ளும். மிக்ஸரையும் மூடிப் பழகுங்கள். மிக்ஸருக்கு வரும் இரண்டு லைனிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள்.

17. குளிச்சுக்கிட்டிருக்கும்போது வேற யாராவது குழாயைத் திறந்தா எனக்குத் திடீர்னு கொதிக்குது.

அவர்கள் திறந்ததும் பச்சைத் தண்ணீர் லைனில் அழுத்தம் இறங்குகிறது, உங்கள் ஷவரில் வெந்நீரின் பங்கு கூடுகிறது. குளியலறைக்குத் தொட்டியிலிருந்து தனி லைன் கொடுப்பது நிரந்தரமான வழி. அது முடியாவிட்டால் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸரோ அழுத்தம் சமன் செய்யும் மிக்ஸரோ போடலாம். கேள்வி 9-ல் சொன்ன குறைந்தபட்ச அழுத்தம் இவற்றுக்கும் பொருந்தும்.

18. குழாயைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது. லேசாத்தானே, பரவாயில்லையா?

உடனே குளிப்பதை நிறுத்துங்கள். குழாயையும் தண்ணீரையும் தொடாமல் விலகி, உலர்ந்த கையால் போர்டில் கீசரின் எம்.சி.பி.யை அணையுங்கள். கீசர் பக்கத்துச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்ச் நியூட்ரலில் (மின்சாரம் திரும்பிப் போகும் வயரில்) மாட்டப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் சூட்டுக் கம்பியில் மின்சாரம் இருக்கும். இது பிளம்பர் வேலை இல்லை, எலக்ட்ரீஷியன் வேலை.

பெரும்பாலும் சூட்டுக் கம்பியின் உறை வெடித்துத் தண்ணீருக்குள் மின்சாரம் கசிகிறது. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு எர்த் வழியே போயிருக்கும். ஷாக் அடித்தது என்றாலே எர்த்தும் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். கம்பியை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். எர்த்தை மீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள், மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் வயரைத் தண்ணீர் பைப்பில் கட்டி வைத்திருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப் இருந்தாலும் எர்த் அறுந்த மாதிரிதான். கீசரை அணைத்தும் ஷாக் தொடர்ந்தால் மோட்டார், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எது என்று தெரியும்வரை மெயினை அணைத்தே வையுங்கள். ஆர்.சி.சி.பி. போட்ட பிறகு அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.